அந்த இடத்து அரிப்பும் வலியும்: டாக்டரிடம் காட்டுவது எப்படி

பெண்ணுறுப்பின் வெளித்தோலில் அரிப்பென்று போய், “கீழே அரிக்குது டாக்டர்” என்று மட்டும் சொன்னால் பல இடங்களில் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பூஞ்சை மாத்திரை எழுதிவிடுவார்கள். எனக்கும் ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம்தான் திரும்பத் திரும்ப வந்தது. நான் நாள் முழுக்கத் தையல் மெஷினில் உட்காருகிறவள். மாதவிடாய் நின்றபின் தொடங்கிய இந்த வேதனைக்கு லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று பெயர், இது ஒரு தோல் நோய் என்பது ஒருவர் விளக்கைப் போட்டுப் பார்த்த பிறகே தெரிந்தது. அதனால் உள்ளே போனதும் இப்படிச் சொல்லுங்கள்: “தோலே மாறியிருக்கு. ஒரு தடவை பார்த்துட்டு மருந்து எழுதுங்க.”

போகும் முன் வீட்டில் ஒரு கைக்கண்ணாடி வைத்து நீங்களே பாருங்கள். எனக்குத் தோல் வெளுத்து, வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து சுருங்கியிருந்தது. மலத்துவாரம் வரை பரவி, நடுவே கீறல் கீறலாக வெடிப்பு. வெண்புள்ளி என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் நிறம்தான் போகும், தோல் இப்படி மெலியாது. அரிப்பு ராத்திரியில் கூடுகிறதா, ஒன்றுக்குப் போனால் எரிகிறதா, உறவின்போது வலிக்கிறதா என்று துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். வாய் கூசினால் சீட்டை நீட்டிவிடலாம். இதுவரை போட்ட மாத்திரை அட்டை, காலி டியூப் எல்லாம் ஒரு மஞ்சப்பையில் போகட்டும். அன்றைக்கு அங்கே பவுடர், களிம்பு எதுவும் வேண்டாம். டெட்டால், வாசனை வாஷ் வகையறாவை அன்றோடு நிறுத்துங்கள். வெறும் தண்ணீர் போதும்.

மகப்பேறு டாக்டரிடமும் போகலாம், தோல் டாக்டரிடமும் போகலாம். சில அரசு மருத்துவமனைகளில் தோல் பிரிவும் பால்வினைப் பிரிவும் சேர்ந்தே இருக்கும். போர்டைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். கல்யாணம் ஆகாதவர்களுக்கும் வெளித்தோலைப் பார்க்கத் தடையில்லை, உள் பரிசோதனை தேவைப்படாது. மாணவர்கள் சூழ்ந்து நின்றால் “கூட்டம் வேண்டாம்” என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

பூஞ்சை என்று சொன்னால் பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அடிக்கடி வருகிறதென்றால் சர்க்கரையும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டுச் சில மில்லிமீட்டர் தோல் எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். பயாப்ஸி என்றதும் கேன்சர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எனக்கு எழுதியது குளோபெட்டசால் ஆயின்ட்மென்ட். முதல் மாதம் தினமும் ராத்திரி, அடுத்த மாதம் ஒன்றுவிட்டு ஒருநாள், மூன்றாம் மாதம் வாரம் இரண்டு முறை. விரல் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம், ஒரு தடவைக்கு அது போதும். ‘ஸ்டீராய்டாச்சே’ என்று பயமுறுத்த நாலு பேர் வருவார்கள். டாக்டர் சொன்ன அளவில் போட்டால் தாராளமாகப் போடலாம். 30 கிராம் டியூப் மூன்று மாதம் வரும். ஆனால் மெடிக்கலில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள். ஸ்டீராய்டோடு நியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் மைக்கோனசோல் என்ற பூஞ்சை மருந்தும் கலந்த டியூப்பை நீட்டுவார்கள். பூஞ்சை இருக்கும் இடத்தில் வெறும் ஸ்டீராய்டு போட்டாலும் அது பரவும்.

சிலருக்குத் தோலில் ஒன்றுமே தெரியாது. ஆனால் உட்கார முடியாத எரிச்சல். வேறு காரணம் எதுவும் சிக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது வல்வோடைனியா, அதாவது பெண்ணுறுப்பில் காரணம் தெரியாத நாட்பட்ட வலி. டாக்டர் பட்ஸால் இடம் இடமாகத் தொட்டுப் பார்ப்பார். மனச்சோர்வுக்கும் தரும் அமிட்ரிப்டிலின் மாத்திரை எழுதினால் ‘என்னைப் பைத்தியம்னு நினைச்சுட்டார்’ என்று சீட்டைக் கசக்க வேண்டாம். நரம்பு வலிக்கும் அதே மாத்திரைதான், குறைந்த அளவில். இடுப்புத் தசைக்கான பிசியோதெரபியும் உதவும்.

லைக்கன் ஸ்கிளிரோசஸ் ஒட்டுவாரொட்டி இல்லை. வீட்டுக்காரரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரிப்பு நின்றாலும் மூன்று மாதம் கழித்து ஒரு தடவை, பிறகு வருஷா வருஷம் காட்டவேண்டும். கவனிக்காமல் விட்டால் 100 பேரில் 5-க்கும் குறைவானவர்களுக்குப் புற்றுநோயாக மாறலாம். ஆறாத புண், கட்டி, ரத்தக்கசிவு என்றால் சொன்ன தேதிக்குக் காத்திருக்காமல் மறுநாளே ஓ.பி. சீட்டு போடுங்கள்.