எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: தேதி வரும்வரை செய்ய வேண்டியவை

முதல் ஆலோசனைக்கும் அறுவை நாளுக்கும் இடையே சில வாரங்கள் ஆகலாம். காப்பீட்டு அனுமதிக்காகவோ அரசு மருத்துவமனை வரிசையிலோ காத்திருந்தால் மாதக்கணக்கிலும் இழுக்கும். இந்த நாட்களைச் சும்மா கழித்துவிடாதீர்கள். அறுவை எவ்வளவு பத்திரமாக முடியும் என்பதில் பாதி இப்போதே முடிவாகிவிடுகிறது. ஈரல் சுருங்கியிருக்கிறதா, சர்க்கரை அடங்கியிருக்கிறதா, நுரையீரல் தயாரா, சாப்பிடும் பழக்கம் மாறியிருக்கிறதா என்பதெல்லாம் உங்கள் கையில் இருப்பவை.

முதலில் எடையை ஆவணமாக்குங்கள்

எடையை கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, அந்த எண்ணால் எடையை வகுத்தால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்பதைக் காட்டும் எண், கிடைக்கும். 162 செ.மீ. உயரமும் 98 கிலோவும் என்றால் பிஎம்ஐ சுமார் 37.3.

உலக அளவிலான மருத்துவர் சங்கங்களின் 2022 வழிகாட்டியின்படி, பிஎம்ஐ 35-க்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம். ஆசிய உடல்வாகு கொண்டவர்களுக்கு 27.5-லிருந்தே பரிசீலிக்கலாம். ஆனால் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வரையறை வேறு. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 முதல் 40 வரை உள்ளவர்களுக்கு இதயத் தசை நோய், இதயக் குழாய் அடைப்பு, கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுக்கடங்காத சர்க்கரை ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். அறுவை இல்லாத வழிகளில் முயன்று எடை குறையவில்லை என்றும் காட்ட வேண்டும். டாக்டர் 'செய்யலாம்' என்று சொன்ன பலருக்குக் காப்பீட்டு நிறுவனம் 'முடியாது' என்று சொல்வதற்கு இந்த இடைவெளிதான் காரணம்.

இதில் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பிஎம்ஐ 35.5 இருப்பவர் அறுவைக்கு முந்தைய உணவுமுறையில் நான்கு கிலோ குறைத்துவிட்டால் 35-க்குக் கீழே இறங்கிவிடுவார். கோப்பில் பழைய எடை இல்லையென்றால் விண்ணப்பம் நின்றுவிடும். எனவே முதல் நாளிலேயே செருப்பில்லாமல் உயரமும் எடையும் அளந்து, தேதியோடு டாக்டர் கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். கேஷ்லெஸ் விண்ணப்பம் உணவுமுறை தொடங்கும் முன்பே போகட்டும். பழைய டயட்டீஷியன் சீட்டு, மருந்துச் சீட்டு, ஜிம் ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் சேருங்கள். குறட்டை உள்ளவர்கள் உறக்கப் பரிசோதனை அறிக்கையையும் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 30 முறை அல்லது அதற்கு மேல் மூச்சு தடைபட்டால்தான் 'கடுமை' என்பார்கள். அந்த எண் அறிக்கையில் தெளிவாக இருக்க வேண்டும். பாலிசியில் காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா என்பதையும் இப்போதே பாருங்கள்.

மருத்துவமனையிடம் கேட்க வேண்டியவை

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் இந்த அறுவைக்குப் போன ஓர் இளைஞர் உயிரிழந்தார். அந்த மருத்துவமனையின் பதிவை அரசு தற்காலிகமாக நிறுத்திவைத்தது. கட்டணத்தைக் கேட்கும் முன், தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டிடத்தில் இருக்கிறதா, இரவில் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, தையல் இடத்தில் கசிவு ஏற்பட்டால் மறு அறுவை அங்கேயே நடக்குமா என்று கேளுங்கள். உங்கள் எடையைத் தாங்கும் அறுவை மேடையும் சி.டி. ஸ்கேன் மேசையும் இருக்கின்றனவா என்பதும் முக்கியம். அறுவைக்குப் பிறகு ஓராண்டாவது தொடர்ந்து பார்க்க டயட்டீஷியன் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த அறுவை என்பதும் இப்போதே பேச வேண்டியது. ஸ்லீவ் முறையில் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். அதைத் திரும்பச் சேர்க்க முடியாது. நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர்களுக்கு ஸ்லீவ் அதை மேலும் கிளப்பிவிடலாம் என்பதால், இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு இணைக்கும் பைபாஸைச் சொல்வார்கள். பைபாஸ் செய்தவர்கள் சத்து மாத்திரைகளை ஆயுள் முழுக்க விடக் கூடாது. புகைப்பவர்களுக்குக் குடல் இணைப்பில் புண் வரும் அபாயம் அதிகம். எந்த முறையானாலும் குறைந்தது ஆறு வாரம் முன்பே புகையை நிறுத்த வேண்டும்.

பரிசோதனைகள்

ரத்த அணுக்கள், மூன்று மாதச் சர்க்கரை, தைராய்டு, ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றை எல்லா இடத்திலும் எடுப்பார்கள். ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம் ஆகியவை பட்டியலில் இல்லையென்றால் நீங்களே கேளுங்கள். சைவ உணவுக்காரர்களுக்கு பி12 ஏற்கெனவே குறைவாக இருப்பது சகஜம். அறுவைக்குப் பிறகு உறிஞ்சும் அளவு இன்னும் குறையும் என்பதால் இப்போதே நிரப்பிக்கொள்வது எளிது.

வயிற்று ஸ்கேனில் பித்தப்பைக் கல்லும் ஈரல் கொழுப்பும் தெரியும். வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் ஸ்கோப்பில் எச். பைலோரி கிருமி இருந்தால் பொதுவாக 14 நாள் மாத்திரை. மாத்திரை முடிந்து நான்கு வாரம் கழித்து, அமிலம் குறைக்கும் மாத்திரைகளை இரண்டு வாரம் நிறுத்தி மறுபரிசோதனை செய்ய வேண்டும். இதற்கே இரண்டு மாதம் போய்விடும் என்பதால் ஸ்கோப்பை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

மனநல மதிப்பீடு என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். அது உங்களை நிராகரிக்க வைத்த தேர்வல்ல. கவலையில் சாப்பிடும் பழக்கம், நள்ளிரவில் தின்பது, மது ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். வயிறு சிறிதானாலும் இனிப்பும் ஐஸ்கிரீமும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். அந்தப் பழக்கத்தை அறுவையால் வெட்ட முடியாது.

ஈரலைச் சுருக்கும் இரண்டு வாரம்

இரைப்பையின் மேல்பகுதியை மூடிக்கொண்டு கிடப்பது ஈரலின் இடது மடல். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் அதைத் தூக்கிப் பிடித்தால்தான் டாக்டருக்கு இடம் தெரியும். கொழுப்பேறிய ஈரல் பெரிதாகவும் கனமாகவும் இருக்கும். தூக்கும்போது கிழிந்து ரத்தம் கசியலாம். சில நேரம் அறுவையைப் பாதியில் கைவிட நேரிடும். மாவுச்சத்தைக் குறைத்தால் ஈரலில் சேர்த்து வைத்த சர்க்கரையும் அதோடு ஒட்டிய நீரும் முதலில் இறங்கும், பிறகு கொழுப்பும் குறையும். பெரும்பாலும் 14 நாள், நாளுக்கு 800 முதல் 1000 கலோரி, புரதம் 60 முதல் 80 கிராம் என்று கொடுப்பார்கள். மிக அதிக எடை உள்ளவர்களுக்கு இன்னும் நீளும்.

நம் சமையலில் ஒரு நாள் இப்படி அமையும்:

- காலை: தண்ணீரில் கலக்கிய ஒரு ஸ்கூப் வே புரோட்டீன் (பால் புரதப் பொடி), அவித்த முட்டை 1
- முற்பகல்: கொழுப்பு நீக்கிய தயிரில் கடைந்த மோர் 200 மி.லி.
- மதியம்: சமைத்த கோழி அல்லது மீன் 120 கிராம், கீரை, சுரைக்காய், கோவைக்காய், பீன்ஸ் ஆகியவற்றில் ஏதாவது இரண்டு கப், எண்ணெய் ஒரு டீஸ்பூன் மட்டும், தெளிந்த ரசம்
- மாலை: சர்க்கரை இல்லாத தேநீர்
- இரவு: பனீர் 100 கிராம், அல்லது இரண்டு முட்டையில் காய்கறி ஆம்லெட்

இதில் ஏறக்குறைய 80 கிராம் புரதம் வரும். இரவில் ஆம்லெட் என்றால் ஐந்தாறு கிராம் குறையும். சைவர்கள் காலை முட்டையை விட்டுவிட்டு, மதியம் காய்ந்த எடையில் 30 கிராம் சோயாவும் மாலையில் இன்னொரு ஸ்கூப்பும் சேர்த்துக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த அளவைப் பின்பற்றக் கூடாது. டாக்டர் சொல்லும் அளவுதான்.

சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, உருளை, வாழைப்பழம், ஜூஸ் வேண்டாம் என்பது எல்லாருக்கும் புரிகிறது. கோட்டை விடுவது கஞ்சியில்தான். கேழ்வரகுக் கூழ், ஓட்ஸ், சிறுதானியக் கஞ்சி எல்லாமே மாவுச்சத்துதான். மற்ற நாட்களில் நல்ல உணவுதான். இந்த 14 நாளில் அது ஈரலைச் சுருங்க விடாது. இளநீரிலும் சர்க்கரை உண்டு.

முதல் மூன்று நான்கு நாள் தலைவலி, சோர்வு, எரிச்சல் இருக்கும். தண்ணீர் இரண்டு லிட்டர் குடியுங்கள். பிரஷர், இதய, சிறுநீரகக் கோளாறு இல்லாதவர்கள் மோரிலும் ரசத்திலும் உப்பைக் குறைக்க வேண்டாம். மலச்சிக்கலுக்கு இசப்கோல் உதவும்.

'இனிமேல் சாப்பிட முடியாதே' என்று அறுவைக்கு முந்தைய வாரம் வீட்டில் பிரியாணி விருந்து வைப்பார்கள். அன்பால் செய்வதுதான், ஆனால் பத்து நாள் உழைப்பைக் கெடுத்துவிடும். ஈரல் ஏன் சுருங்க வேண்டும் என்பதை அம்மாவிடமும் மாமியாரிடமும் டாக்டரே ஒருமுறை சொல்லட்டும்; வீட்டில் அது எடுபடும்.

மருந்துகள்: இங்கே கவனம் தவறக் கூடாது

சோறு நின்ற முதல் நாளே சர்க்கரை இறங்கத் தொடங்கும். இன்சுலினும் கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு போன்ற மாத்திரைகளும் பழைய அளவிலேயே போனால் இரவில் தாழ்சர்க்கரை வரும். உணவுமுறை தொடங்கும் முன்பே டாக்டரிடம் புதிய அளவை எழுதி வாங்குங்கள். வீட்டில் நாளுக்கு நான்கு முறை விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் உணவுமுறையை மீறுவது தவறே அல்ல.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் இரண்டும் பொதுவாக அறுவைக்கு மூன்று நாள் முன்பாவது நிற்க வேண்டும். குறைந்த மாவு உணவு தொடங்கும்போதே நிறுத்தச் சொல்லும் டாக்டர்களும் உண்டு. நிறுத்தாவிட்டால் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரிந்தாலும் ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். அறிகுறி வாந்தியும் வயிற்று வலியும்தான். அறுவைக்குப் பிறகு எல்லாருக்கும் வருவதுதானே என்று அதை விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. இந்த மருந்துகள் மெட்ஃபார்மினோடு சேர்ந்து ஒரே மாத்திரையாகவும் வருவதால் அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

சர்க்கரைக்கும் எடைக்குறைப்புக்கும் வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். கடைசி ஊசி எந்தத் தேதியில் போட்டீர்கள் என்பது மயக்க மருந்து டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். நீர் பிரியச் செய்யும் பிரஷர் மாத்திரை இந்த உணவோடு சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெலை நீங்களாக நிறுத்தாதீர்கள். நாட்டு மருந்து, லேகியம், உடல் இளைக்கும் பொடி எதுவானாலும் பொட்டலத்தோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பெண்களுக்கு இரண்டு செய்தி. கருத்தடை மாத்திரை ரத்தக் கட்டு அபாயத்தைக் கூட்டும் என்பதால் அதை எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். எடை குறையக் குறைய, நீர்க்கட்டியால் நின்றுபோன மாதவிடாய் திரும்பி, கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் முதல் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் தவிர்க்க வேண்டியது. பைபாஸுக்குப் பிறகு மாத்திரையை நம்பியிருக்க முடியாது. காப்பர்-டி போன்ற வேறு வழியை இப்போதே பேசிவையுங்கள்.

பழகிக்கொள்ள வேண்டியவை

சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்துங்கள். சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர். ஒவ்வொரு வாயையும் 20, 25 முறை மெல்லுங்கள். சோறும் குழம்பும் மெல்லாமலே இறங்கிவிடுவதால் நமக்கு இது வராத பழக்கம். முதலில் காய்கறியில் பழகுங்கள். அண்ணாந்து மடமடவென்று தண்ணீர் ஊற்றிக்கொள்வதும் இனி ஆகாது, மிடறு மிடறாகத்தான். சோடா, கோலாவை விட்டுவிடுங்கள்.

மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவியை இரண்டு வாரம் முன்பே வாங்கி, விழித்திருக்கும்போது மணிக்கொரு தடவை பத்து முறை இழுங்கள். பலரும் அதில் ஊதுகிறார்கள். காற்றை மெதுவாக உள்ளே இழுத்து, பந்தை மேலேயே மூன்று நொடி நிறுத்துவதுதான் பயிற்சி. தினமும் 30 நிமிடம் நடங்கள். முட்டி வலித்தால் பத்துப் பத்து நிமிடமாகப் பிரியுங்கள். உறக்க மூச்சுத்தடைக்கு, முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவி எழுதிக்கொடுத்திருந்தால் இன்றிலிருந்தே இரவுதோறும் போடுங்கள். அறுவையன்று அதையும் எடுத்துப் போக வேண்டும்.

புரோட்டீன் பவுடரில் பெரிய டப்பா வாங்க வேண்டாம். அறுவைக்குப் பின் நாக்கின் ருசி மாறும், இப்போது பிடித்தது அப்போது குமட்டலாம். சிறு பாக்கெட்டுகளில் இரண்டு மூன்று வகை போதும். மிடறு அளந்து குடிக்க 30 மி.லி. மருந்து மூடிகள் சில, நல்ல வடிகட்டி, மெல்லும் வகைச் சத்து மாத்திரை ஆகியவற்றை வாங்கி வையுங்கள். அறுவைக்குப் பின் நான்கு முதல் ஆறு வாரம் 20 லிட்டர் தண்ணீர் கேனையும் கேஸ் சிலிண்டரையும் தூக்க வேறொருவர் வேண்டும். வேலைக்கு இரண்டு மூன்று வாரம் விடுப்பு சொல்லுங்கள்.

கடைசி நாட்கள்

விரல் பருத்து மோதிரம் கழலாமல் இருந்தால் அதை முந்தைய வாரமே சோப்பு போட்டுக் கழற்றிவிடுங்கள். வராவிட்டால் நகைக்கடையில் வெட்டலாம். அறுவைக் கூடத்தில் மின்சாரக் கருவி பயன்படுத்துவதால் மெட்டி, மூக்குத்தி, தாலி உட்பட உலோகம் எதுவும் உடலில் இருக்கக் கூடாது. தாலிக்குப் பதில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாம். நகப்பூச்சையும் நீக்குங்கள், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி அதனால் தவறாகக் காட்டலாம். எத்தனை மணிக்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது என்பதை மயக்க மருந்து டாக்டரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். பால் கலந்த காபி தெளிந்த திரவம் அல்ல. அதைக் குடித்துவிட்டுப் போனால் அறுவை தள்ளிப்போகும்.

காய்ச்சல், சளி, நெஞ்சில் கபம், தொப்பை மடிப்பில் புண் அல்லது அரிப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மாதவிடாய் தள்ளிப்போனது ஆகியவற்றில் எது இருந்தாலும் வார்டில் படுக்கும்வரை காத்திருக்காமல் உடனே போன் செய்யுங்கள். ஒற்றைக் கால் வீக்கம் ரத்தக் கட்டாக இருக்கலாம். அதற்கு அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும்.