ருத்தேனியம் டைஆக்சைடு: எங்கே தவறிவிடுகிறோம்?

உலோக ஆக்சைடு என்றாலே மின்சாரம் பாயாது என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. ருத்தேனியம் என்ற உலோகத்தின் ஆக்சைடான ருத்தேனியம் டைஆக்சைடு நீலம் கலந்த கருநிறப் பொருள்; இதில் மின்சாரம் நன்றாகவே பாயும். அறை வெப்பநிலையில் அதன் படிகத்தின் மின்தடைத்திறன் சுமார் 35 மைக்ரோ ஓம் செ.மீ. இந்த எண் குறையக் குறைய மின்சாரம் எளிதாகப் பாயும்; டைட்டானியம் உலோகத்துக்கே கிட்டத்தட்ட 42! டைட்டானியம் டைஆக்சைடுக்கும் இதே ரூட்டைல் கட்டமைப்பு, அதாவது அணுக்கள் அடுக்கப்பட்ட அதே விதம், உண்டு, ஆனால் அதில் மின்சாரம் பாயாது. அங்கே டைட்டானியத்தின் டி ஆர்பிட்டல்கள் (எலக்ட்ரான்கள் இருக்கும் ஒருவகை இடங்கள்) காலி. இங்கே ருத்தேனியத்திடம் நான்கு டி எலக்ட்ரான்கள் மிச்சம் இருக்கின்றன. கட்டமைப்பை வைத்து மட்டும் குணத்தைக் கணிக்க முடியாது.

அதிகம் பேரைக் குழப்புவது வெப்பநிலை விவகாரம். உலோகத்தன்மை இருந்தால் குளிரக் குளிர மின்தடை குறைய வேண்டும். தூய படிகத்தில் குறையத்தான் செய்கிறது. ஆனால் மிகக் குறைந்த வெப்பநிலையை அளக்கும் ருத்தேனியம் ஆக்சைடு வெப்பமானியில் மின்தடை ஏறுகிறதே? அந்த வெப்பமானிக்குள் இருப்பது படிகமல்ல, தடிபடல மின்தடையம். ஆக்சைடுத் துகள்களைக் கண்ணாடித் தூளோடு குழைத்துப் பூசி, சுமார் 850 டிகிரி செல்சியஸில் சுட்டெடுப்பார்கள். துகள்களுக்கு நடுவே மெல்லிய கண்ணாடி நிற்கிறது. எலக்ட்ரான் அதைத் தாண்டியாக வேண்டும். குளிரில் அது சிரமமாகிறது. கலவையின் குணத்தை ஆக்சைடின் தலையில் கட்டாதீர்கள். தூளை அழுத்தி வில்லையாக்கி, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளை வைத்து அளப்பதும் இதே ரகம்தான். துகள் எல்லைகளின் தடையும் தொடுமுனைத் தடையும் சேர்ந்தே வரும். நான்கு முனை அளவீடு தொடுமுனைத் தடையை நீக்கும். துகள் எல்லை அப்படியேதான் இருக்கும்.

அப்புறம், மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் சூப்பர் கபாசிட்டர். 1995-ல் வெளியான, கிராமுக்கு சுமார் 720 ஃபாரட் என்ற மின்கொள்ளளவை எல்லா ருத்தேனியம் டைஆக்சைடுக்கும் பொருத்திவிடுகிறார்கள். அது நீர் சேர்ந்த, படிகமாகாத வடிவத்துக்கு உரியது. அதிகம் சூடாக்கினால் நீர் போய்ப் படிகமாகிவிடும். புரோட்டான் உள்ளே போகும் வழி அடைபட்டு, கொள்ளளவு சரியும்.

குளோரின் தயாரிப்பில் டைட்டானியத் தகட்டின் மேல் டைட்டானியம் டைஆக்சைடோடு சேர்த்துப் பூசப்படும் இந்தப் பொருள் நீண்ட காலம் உழைக்கிறது. அதை நம்பி, அமிலத்தில் ஆக்சிஜன் வெளியேற்றவும் அப்படியே எடுத்துக்கொண்டால் மெல்லக் கரைந்துபோகும். அங்கே இரிடியம் டைஆக்சைடு வேகம் குறைவு, ஆனால் தாக்குப்பிடிக்கும். எளிதில் ஆவியாகும், நச்சான ருத்தேனியம் டெட்ராக்சைடு வேறு பொருள். இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டாம்.

காந்தத்தன்மை பற்றி எழுதும்போதும் நிதானம் தேவை. 2017-ல் நியூட்ரான் ஆய்வு இதில் எதிர்ஃபெரோகாந்த ஒழுங்கு (அணுக்களின் சிறு காந்தங்கள் எதிரெதிர்த் திசையில் நிற்பது) இருப்பதாகச் சொன்னது. 2024-ல் மியூவான் என்ற துகளைக் கொண்டு செய்த ஆய்வு அப்படி ஒன்று தெரியவில்லை என்றது. இதை 'ஆல்டர்காந்தம்' (எதிரெதிர்க் காந்தங்கள் இருந்தும் எலக்ட்ரான் நிலைகள் சுழற்சிப்படி பிரியும் புதுவகைக் காந்தம்) என்று முடிந்த விஷயமாக எழுதுவது அவசரம்.