83 ஜூலையில, இலங்கையில தமிழரை அடிச்சு எரிச்ச நேரம், சின்னப்பிள்ளையா இருந்தனீங்களோ? அதை எழுதி வைக்கிறது இப்பிடித்தான்

முழுக்கதையையும் எழுத வெளிக்கிடாதேங்கோ. எனக்கு அப்ப 8 வயசு, மூண்டு தரம் அப்பிடித் தொடங்கி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில 13 ஆமிக்காரர் செத்தது, அவையைப் புதைக்க இருந்த கொழும்புக் கனத்தை மயானம் எண்டு பேப்பரில வாற கதையைத்தான் எழுதி முடிச்சன், அதுக்குள்ள நான் எங்கயும் இல்லை. நாலாந்தரம் அம்மான்ர தையல் மெஷினில தொடங்கினன், மதிலுக்கு மேலால அதைத் தூக்கேலாமல் ஒருக்காத் தடவிப்போட்டு விட்டிட்டு வந்தவ.

கொப்பிப் பக்கத்தை ரெண்டாப் பிரியுங்கோ. இடப்பக்கம் நீங்கள் கண்டது, கேட்டது, மணந்தது மட்டும். வலப்பக்கம் பிறகு பெரியாக்கள் சொன்னது. தமிழ் வீடுகளைத் தேடி வந்த காடையரின்ர கையில வாக்காளர் லிஸ்ட் இருந்ததை நான் கண்டதெண்டுதான் இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டு திரிஞ்சன், யோசிச்சுப் பாத்தா நான் அந்த நேரம் பக்கத்து வீட்டுக் கட்டிலுக்குக் கீழ, கண்டது மாமா. லிஸ்டோட வந்தது உண்மைதான், ஆனா அது வலப்பக்கம்.

நாள் குழம்பும். 24 ஞாயிறு இரவு பொரளையில தொடங்கினது, 25 திங்கள் பட்டப்பகலில கொழும்பு எரிஞ்சு பின்னேரம் ஊரடங்கு, அண்டைக்கும் 27ஆம் திகதியும் வெலிக்கடைச் சிறையில தமிழ்க் கைதியளின்ர கொலை, 28 ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன டீவியில கதைச்சது (எங்களுக்கு ஒரு ஆறுதல் சொல்லும் இல்லை), 29 வெள்ளி விடுதலைப் புலியள் கொழும்புக்கு வந்திட்டினமெண்ட வதந்தியில திரும்பவும் வெட்டுக்கொத்து. இதில எது உங்கட நாளெண்டு பொருத்திப் பாருங்கோ.

அம்மா அப்பாட்ட "என்ன நடந்தது" எண்டு கேட்டா ஒண்டும் வராது. "அண்டைக்கு அடுப்பில என்ன இருந்தது, கதவைப் பூட்டினனீங்களோ" எண்டு கேளுங்கோ, கேட்டிட்டுப் பேசாமல் இருங்கோ. தேத்தண்ணி போடப்போறன் எண்டு எழும்பினா ரெக்கோடரை நிப்பாட்டிப்போடுங்கோ, அண்டைக்கு அவ்வளவுதான்.

உங்களை ஒளிச்சு வைச்ச சிங்களச் சனத்தின்ர பேரைக் கேக்காமல் எழுதாதேங்கோ, அவையின்ர பிள்ளையள் இன்னும் அதே லேனில இருக்கலாம்.

பிறகு நடந்ததைக் கனபேர் விட்டிடுவினம், எனக்கெண்டா அதுதான் பெரிசு. இரத்மலானை அகதி முகாமில கக்கூசுக்கு லைன், லங்கா கல்யாணிக் கப்பலில காங்கேசன்துறைக்குப் போகேக்க சத்தி, யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில "அகதிப்பிள்ளை" எண்டு கூப்பிட, அது ஏதோ பட்டம் எண்டு நான் சந்தோசப்பட்டது. பதினஞ்சு வயசு வரைக்கும் செருப்பைத் தலைமாட்டில வைச்சுத்தான் படுத்தனான், ஏனெண்டு வீட்டில ஒருத்தரும் கேட்டதில்லை.

இரவில எழுதாதேங்கோ. கை நடுங்கினா கொப்பியை மூடிப்போட்டு ஆரோடயாவது கதையுங்கோ. இடப்பக்கம் வெறுமையாக் கிடந்தாலும் அவசரப்படாதேங்கோ, எனக்கு முதல் மாசம் மூண்டு வரிதான், அதில ஒண்டு தையல் மெஷின்.