ஜானி வில்கின்சன் போல கோல் உதைக்கப் பழகுவது எப்படி?

ரக்பி பழக வரும் பையன்கள் முதல் நாளே இங்கிலாந்து வீரர் வில்கின்சன் மாதிரி இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு, முழங்காலை மடக்கிக் குனிந்து நிற்பார்கள். அப்புறம் உதைத்தால் பந்து பக்கத்துத் தெருவுக்குப் போகும். கையை விடுங்கப்பா, காலைப் பார்ப்போம்.

பந்தை டீயின் (பந்தைத் தாங்கி நிறுத்தும் சின்னத் தாங்கி) மேல் நிமிர்த்தி வையுங்கள். பந்து கோல் கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பிக்கு மேலே போக வேண்டும். கம்பங்களுக்கு நடுவே 5.6 மீட்டர், குறுக்குக் கம்பி 3 மீட்டர் உயரம். அவ்வளவு பெரிய வெளியைக் குறி வைத்தால் கண் அலைபாயும். வில்கின்சனும் அவருடைய உதைப் பயிற்சியாளர் டேவ் ஆல்ரெடும் கம்பங்களுக்குப் பின்னால் கேலரியில் டோரிஸ் என்றொரு பெண் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொண்டார்கள். பந்து அவரிடம் போக வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு ஒரு மரக்கிளை போதும்.

விரல் நுனியால் உதைக்காதீர்கள். பாதத்தின் மேற்புறம் கெட்டியாகத் தட்டுப்படும் எலும்புதான் பந்தில் பட வேண்டும். ஊன்றும் கால் பந்துக்குப் பக்கத்தில், சற்றுத் தள்ளி. உதைத்த பிறகு உடம்பு பக்கவாட்டில் சுழலக் கூடாது, குறியை நோக்கியே இரண்டு எட்டு நடந்து போகட்டும். நான் பந்தைப் பார்ப்பதே இல்லை, அந்த இரண்டு எட்டைத்தான் பார்ப்பேன்.

எத்தனை உதை? இதில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டாம். திருப்தி வரும்வரை மைதானத்தை விட்டுப் போகாத ஆள் அவர். அந்தப் பதற்றம் தன்னை எப்படி வாட்டியது என்று பின்னாளில் அவரே பேசியிருக்கிறார். 2003 உலகக் கோப்பைக்குப் பிறகு கழுத்து, தோள், முழங்கால் என்று காயம் மேல் காயம். இங்கிலாந்துக்காக அடுத்து ஆடியது 2007இல்தான். அன்று ஸ்காட்லாந்துக்கு எதிராக 27 புள்ளிகள் எடுத்தார், அது வேறு கதை. நீங்கள் தொடை இடுக்கில் இழுக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிடுங்கள்.

மீதி நேரத்தைப் பழகாத காலுக்குக் கொடுங்கள். வில்கின்சன் இடது கால்காரர். ஆனால் சிட்னியில் ஆஸ்திரேலியாவுடன் 17-17 என்று நின்ற அந்த 2003 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை, கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் முடித்துவைத்தது வலது கால் டிராப் கோல், அதாவது கையிலிருந்து பந்தைத் தரையில் விட்டு, அது எழும்போதே உதைத்து அடிக்கும் கோல். அதே ஆட்டத்தில் அதற்கு முன் மூன்று டிராப் கோல் முயற்சிகளைத் தவறவிட்டிருந்தார்! பந்தின் கூர்முனை கீழே இருக்கும்படி பிடித்து, தூக்கிப் போடாமல் நேராக நழுவ விடுங்கள். தரையைத் தொட்டு எழும் அந்தக் கணத்திலேயே கால் பட வேண்டும். கம்பத்துக்கு நேரெதிரே, பத்து மீட்டர் தூரத்திலிருந்து தொடங்கினால் போதும்.