ஜிடிஏ 5 திக்காமல் ஓட: கிராபிக்ஸ் அமைப்புகளை எங்கிருந்து தொடங்குவது?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போய்ப் புதிய கிராபிக்ஸ் கார்ட்டுக்கு விலை கேட்பதற்கு முன், இருக்கிற கணினியில் எந்தப் பாகம் பின்தங்குகிறது என்று பார்த்துவிடுங்கள். செலவில்லாத வேலை. உதாரணத்துக்கு ஜிடிஏ 5ஐ எடுத்துக்கொள்வோம். 2015இல் கணினிக்கு வந்த விளையாட்டு, இன்னும் யாரும் விடுவதாயில்லை.

1. முதலில் விளையாட்டில் ஒரு தெருவில் வண்டி ஓட்டி அளவிடுங்கள். விண்டோஸ் விசையுடன் ‘ஜி’ விசையை அழுத்தினால் கேம் பார் திறக்கும். செக்கனுக்கு எத்தனை பிரேம் (திரையில் வரையப்படும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம்) வருகிறது என்பதை அதில் பார்க்கலாம். 60 பிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் 16.7 மில்லிசெக்கனுக்குள் வரைந்து முடித்தாக வேண்டும்.

2. ரெசல்யூஷனை 1920×1080இலிருந்து 1280×720க்கு இறக்கி, அதே தெருவில் மறுபடி ஓட்டிப் பாருங்கள். வரையவேண்டிய புள்ளிகள் ஏறக்குறைய 20.7 இலட்சத்திலிருந்து 9.2 இலட்சமாகக் குறைந்துவிடும். பிரேம் எண்ணிக்கை எகிறினால் கிராபிக்ஸ் பக்கம்தான் பலவீனம். அசையவே இல்லையா? புரொசெசர்தான் மூச்சுவாங்குகிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் மெனுவில் கண்டதையெல்லாம் குறைப்பவர்கள் அழகையும் இழக்கிறார்கள், வேகமும் கிடைப்பதில்லை.

3. கிராபிக்ஸ் பலவீனம் என்றால் எம்எஸ்ஏஏ (விளிம்புகளின் பல்வரிசையை மென்மையாக்கும் அமைப்பு), நிழல், புல் என்ற வரிசையில் குறையுங்கள். புல் ஏமாற்றுப் பேர்வழி. நகரத்துக்குள் ஓட்டும்வரை அது இருப்பதே தெரியாது. மலைப்பக்கம் திரும்பியதும் பிரேம்கள் சரியும். ஆகவே சோதனையை நாட்டுப்புறத்திலும் செய்யுங்கள். பொருட்களின் மேற்பரப்புப் படங்களான டெக்ஸ்சரை அவசரப்பட்டுக் குறைக்க வேண்டாம். அது கார்ட்டின் நினைவகத்தில்தான் இடம்பிடிக்கும். மெனுவின் மேலே தெரியும் நினைவகப் பட்டை நிரம்பாதவரை உயர்நிலையிலேயே இருக்கட்டும்.

4. புரொசெசர் பலவீனம் என்றால் மக்கள் அடர்த்தியையும் தூரக் காட்சி அளவையும் குறையுங்கள். பின்னணியில் திறந்து கிடக்கும் பிரௌசரையும் மூடிவிடுங்கள்.

தனிக் கார்ட் இல்லாத கணினியில் கிராபிக்ஸும் சாதாரண ரேமையே பங்குபோடும். அங்கே ஒரே 8 ஜிபி ரேமைவிட இரண்டு 4 ஜிபி ரேம்கள் மேல். ரேமுக்கும் புரொசெசருக்கும் இடையிலான இரண்டு பாதைகளிலும் (சனல்) தரவு ஓடும். பணம் செலவழிப்பதானால் என் ஓட்டு இதற்குத்தான். தனிக் கார்ட் இருந்தும் மந்தமா? மொனிட்டர் வயர் மதர்போர்ட்டில் செருகியிருக்கிறதா என்று பின்பக்கம் எட்டிப் பாருங்கள். கார்ட்டில்தான் செருக வேண்டும்.

மடிக்கணினியைச் சார்ஜரில் இணைத்தே விளையாடுங்கள். ஆரம்பத்தில் நன்றாக ஓடிச் சிறிது நேரத்தில் தளர்ந்தால் அநேகமாகச் சூடுதான் காரணம்: தன்னைக் காத்துக்கொள்ள புரொசெசர் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வெள்ளவத்தை மாடி அறையின் மதியப் புழுக்கத்தில், மெத்தைமேல் வைத்து விளையாடினால் எந்த அமைப்பும் கைகொடுக்காது. மேசையில் வையுங்கள், விசிறியின் தூசியைத் தட்டுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் 35க்கும் 55க்கும் இடையில் ஊசலாடினால், பிரேம்களைத் திரையின் வேகத்தோடு ஒத்திசைக்கும் விசிங்க்கைப் பாதியில் வையுங்கள். செக்கனுக்கு 60 தடவை திரையைப் புதுப்பிக்கும் 60 ஹேர்ட்ஸ் மொனிட்டரில் அது 30இல் நிலைத்து நிற்கும். தாவித் தாவி வரும் 50ஐவிடக் கண்ணுக்கு அது இதம்.