பழைய ஸ்மார்ட் ஹோம் கண்ட்ரோலரை மாற்ற வேண்டுமா: முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

ராஸ்பெர்ரி பை 3 எனும் சிறிய கணினிப் பலகை 2016 பிப்ரவரியில் 1 ஜிபி நினைவகத்துடன் வெளிவந்தது. அதில் வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளை ஏற்றி, அச்சாதனங்களோடு கம்பியில்லாமல் பேசும் ஜிக்பீ யுஎஸ்பி ஸ்டிக் ஒன்றைச் செருகி, படிக்கட்டு விளக்கு முதல் மாடித் தொட்டியின் மோட்டார் வரை அனைத்தையும் அதனிடம் ஒப்படைத்த வீடுகள் நிறைய உண்டு. அவற்றில் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆனால் ஆள் வந்து நின்றபின் விளக்கு எரியத் தாமதமாகிறது, அப்டேட் போட்டால் நெடுநேரம் எழுவதில்லை, மின்சாரம் போய் வந்தால் ஏதாவதொரு சென்சார் காணாமல் போகிறது. இந்த நிலையில் புதிய கண்ட்ரோலர் வாங்கத்தான் வேண்டுமா என்பதை எப்படித் தீர்மானிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். ராஸ்பெர்ரி பையை முன்வைத்து எழுதியிருந்தாலும், சோதிக்கும் முறை ஹப் எனப்படும் பிற கண்ட்ரோலர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ட்ரோலரின் வயது அதை மாற்றுவதற்குக் காரணம் ஆகாது. அதற்கு மென்பொருள் வருவது நின்றுபோயிருந்தால் மாற்ற வேண்டும். அது நம்பியிருக்கும் கிளவுட் சேவை (இணையத்தில் உள்ள நிறுவனத்தின் சர்வர்) நிற்கப்போகிறது என்றால் மாற்ற வேண்டும். மின்வழங்கலையும் சேமிப்பகத்தையும் சரிசெய்த பிறகும் நினைவகம் போதவில்லை என்றால் மாற்ற வேண்டும். இவை தவிர மற்றவை எல்லாம் பழுதுபார்த்துத் தீர்க்கக்கூடியவை. அவற்றுக்காகப் புதுக் கருவி வாங்குகிறவர், பழைய குறையையும் சேர்த்தே புதிய கருவிக்கு மாற்றிக்கொள்கிறார்.

முதல் சோதனை: ஒரு மணி நேரம் அணைத்து வையுங்கள்

வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு பகல் வேளையில் கண்ட்ரோலரை முறைப்படி நிறுத்தி, ஒரு மணி நேரம் அப்படியே விட்டுப் பாருங்கள். எந்த விளக்கு சுவர் ஸ்விட்சிலும் எரியவில்லை, எந்த மோட்டார் கையால் போட்டாலும் ஓடவில்லை, எது எப்போதும்போல் இயங்குகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் கழிவறைக்கு எழும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில், கண்ட்ரோலர் செத்தாலும் சுவர் ஸ்விட்ச் வேலை செய்தே ஆக வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. கையால் இயங்காத சாதனம் ஏதேனும் தென்பட்டால், கண்ட்ரோலரைப் பற்றி யோசிப்பதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த இணைப்பை மாற்றுவதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

குறை கண்ட்ரோலரில் இருக்கிறதா, அதைச் சுற்றி இருக்கிறதா

மெதுவாகிவிட்டது, அடிக்கடி உறைகிறது என்று சொல்லப்படும் ராஸ்பெர்ரி பைகளில் முதலில் பார்க்க வேண்டியது அடாப்டரைத்தான். பை 3க்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். கைபேசிச் சார்ஜரையும் மெல்லிய கேபிளையும் வைத்து ஓட்டினால், சுமை ஏறும் நேரத்தில் மின்னழுத்தம் இறங்கிவிடுகிறது. ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனதும் பலகை எச்சரிக்கை எழுப்பித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஹோம் அசிஸ்டென்ட்டில் இதற்கென்றே மின்வழங்கலைக் கண்காணிக்கும் ஒரு சென்சார் உண்டு. அது ‘சிக்கல்’ என்று காட்டினால், சில நூறு ரூபாய் அடாப்டரோடு உங்கள் தேடல் முடிந்துவிடக்கூடும்.

அடுத்தது மெமரி கார்டு. எனக்குத் தெரிந்தவரை இத்தகைய கண்ட்ரோலர்களின் ஆயுளைத் தீர்மானிப்பது இதுதான். ஹோம் அசிஸ்டென்ட் ஒவ்வொரு சென்சாரின் மாற்றத்தையும் ஒரு தரவுத்தளத்தில் எழுதுகிறது. இயல்பான அமைப்பில் 5 விநாடிக்கு ஒருமுறை எழுதி, 10 நாள் வரலாற்றை வைத்துக்கொள்கிறது. மின்னளவைக் காட்டும் ஸ்மார்ட் பிளக்குகள் நான்கைந்து இருந்தால், அவை நொடிக்கு நொடி அனுப்பும் வாட் கணக்கு முழுவதும் அந்தச் சிறு அட்டையில் இரவும் பகலும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. எழுதும் நேரத்தில் மின்சாரம் போனால் தரவுத்தளம் சிதைகிறது. மறுதொடக்கத்துக்குப் பிறகு வரலாறு காலியாக இருப்பது, நேற்று மாற்றிய அமைப்பு பழையபடி இருப்பது, கோப்புகளை எழுத முடியவில்லை என்று பதிவேட்டில் வரிவரியாக வருவது ஆகியவை அட்டை ஓய்ந்துவிட்டதன் அறிகுறிகள். இதற்கான மருத்துவம் மலிவானது: சிசிடிவி கேமராக்களுக்கென்று விற்கப்படும் அதிகம் எழுதித் தாங்கும் அட்டையை வாங்கலாம், அல்லது எஸ்எஸ்டி எனும் சேமிப்புக் கருவியில் சிறியதொன்றை யுஎஸ்பி வழியே இணைத்து, அமைப்புகளில் உள்ள சேமிப்பகப் பக்கத்திலிருந்தே தரவுகளை அதற்கு நகர்த்தலாம். கூடவே, வரலாறு தேவைப்படாத சென்சார்களைப் பதிவிலிருந்து நீக்கி, எழுதும் இடைவெளியை 30 விநாடியாக உயர்த்தினால் மீதிச் சுமையும் குறையும்.

மின்வெட்டுக்குப் பிறகு மட்டும் தானியக்கங்கள் (தானாக நடக்கும்படி அமைத்த வேலைகள்) தவறான நேரத்தில் ஓடுகின்றன என்றால், காரணம் கடிகாரமாக இருக்கலாம். பை 3, பை 4 ஆகியவற்றில் மின்சாரம் இல்லாதபோதும் ஓடும் கடிகாரம் கிடையாது. அவை எழுந்தபின் இணையத்திலிருந்துதான் நேரத்தைப் பெறுகின்றன. ரூட்டர் எழுவதற்கு முன் பை எழுந்துவிட்டால் சிறிது நேரம் அது பழைய நேரத்திலேயே இருக்கக்கூடும். பை 5இல் கடிகாரம் உண்டு, அதற்கான சிறு பேட்டரியைத் தனியாக வாங்க வேண்டும். ஆனால் இதற்காகப் பை 5 வாங்க வேண்டியதில்லை. ரூட்டரையும் கண்ட்ரோலரையும் சேர்த்து இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிட்டால் போதும். இன்வெர்ட்டர் மாறும் நொடியில் அவை அணைந்து எழுகின்றன என்றால், இன்வெர்ட்டர் லைனுக்கும் அவற்றுக்கும் நடுவில் ஒரு மினி யுபிஎஸ் தேவைப்படும்.

ஜிக்பீ சென்சார்கள் அடிக்கடி துண்டிக்கப்பட்டால், ஸ்டிக் எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 3 துளைகளும் அவற்றில் செருகப்பட்ட எஸ்எஸ்டிகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்குகின்றன. ஜிக்பீயும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. ஸ்டிக்கை ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் வைத்துத் தள்ளி வைப்பதும், வைஃபை எந்தச் சேனலில் இருக்கிறது என்று பார்த்து ஜிக்பீ சேனலை விலக்கி வைப்பதும் பல வீடுகளில் இந்தத் தொல்லையைத் தீர்த்துவிடும். ஸ்டிக்கே மிகப் பழைய சிசி2531 வகையாக இருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். இயல்பான மென்பொருளுடன் அது நேரடியாகத் தாங்குவது ஏறத்தாழ 20 சாதனங்களைத்தான். அப்போதும் மாற்ற வேண்டியது ஸ்டிக்கை மட்டுமே.

மென்பொருள் இன்னும் வருகிறதா

32 பிட் எனும் பழைய வகைக் கணினிகளுக்கான ஆதரவை விலக்கிக்கொள்வதாக ஹோம் அசிஸ்டென்ட் 2025 மே மாதம் அறிவித்து, 2025.12 பதிப்போடு அதை முடித்துக்கொண்டது. ‘கோர்’, ‘சூப்பர்வைஸ்டு’ எனப்படும் நிறுவல் முறைகளுக்கும் இதே முடிவுதான். உங்களுடையது 32 பிட்டா 64 பிட்டா என்று அறிய, அமைப்புகளில் கணினித் தகவல் பக்கத்தைத் திறந்து செயலியின் வகையைப் பாருங்கள். ‘ஏஆர்ச்64’ என்றிருந்தால் கவலையில்லை. ‘ஆர்ம்வி7எல்’ என்றிருந்தால் உங்களுடையது 32 பிட் நிறுவல்.

இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டுப் புதுக் கருவி வாங்கிவிடுகிறார்கள். பை 3இன் செயலி 64 பிட் திறன் கொண்டதுதான்; அக்காலத்தில் 32 பிட் பதிப்பை ஏற்றியிருப்பார்கள், அவ்வளவே. பேக்கப் எடுத்து, வேறொரு அட்டையில் 64 பிட் பதிப்பை ஏற்றி, பேக்கப்பை மீட்டால் அதே பலகை தொடர்ந்து அப்டேட் பெறும். பை 2இன் முதல் வடிவத்துக்கு இந்த வழி இல்லை. அதற்கு ஓய்வு கொடுக்கத்தான் வேண்டும். அப்டேட் நின்ற அன்றே கண்ட்ரோலர் நின்றுவிடாது என்பதும் உண்மை. ஆனால் வெளியிலிருந்து இணையம் வழியே உங்கள் வீட்டைத் திறந்து பார்க்கும் வசதியை வைத்திருந்தால், பாதுகாப்புத் திருத்தம் பெறாத ஒரு கணினியை வாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். அந்த வசதியை உடனே மூடிவிட்டு, பிறகு நிதானமாக மாற்றலாம்.

நிறுவனத்தின் சர்வரை நம்பி இயங்கும் ஹப்களுக்குக் கணக்கு வேறு. ரிவால்வ் ஹப்பை அதன் உரிமையாளரான நெஸ்ட் 2016 மே மாதம் முழுவதுமாக நிறுத்தியது. லோஸ் நிறுவனத்தின் ஐரிஸ் ஹப் சேவை 2019 மார்ச்சில் முடிந்தது. இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றி அணைந்தன. பின்னர் பயனர்கள் சிலர் அதை வாங்கி மீட்டார்கள். இதற்கு மாறாக, பிலிப்ஸ் ஹியூவின் வட்ட வடிவ முதல் ஹப்பான பிரிட்ஜுக்கு 2020 ஏப்ரலில் ஆதரவு நின்றபோதும், வீட்டுக்குள் விளக்குகளை இயக்கும் வேலையை அது தொடர்ந்து செய்தது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: இணைய இணைப்பைக் கழற்றினால் உங்கள் ஹப் விளக்கைப் போடுகிறதா? ரூட்டரிலிருந்து இணையக் கேபிளைப் பத்து நிமிடம் கழற்றினால் விடை தெரிந்துவிடும். போடவில்லை என்றால், கருவி எவ்வளவு புதியதாக இருந்தாலும் மாற்றத்துக்கான திட்டத்தை இப்போதே தொடங்குங்கள்.

உண்மையான செலவு

புதிய கண்ட்ரோலரின் விலையைவிட, சாதனங்களை மீண்டும் இணைக்கும் உழைப்பே பெரிது. கதவுச் சென்சார் என்றால் ஒரு குண்டூசியால் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. ஸ்விட்ச் போர்டுக்குள் வைத்த ஜிக்பீ ரிலேக்கோ முதலில் எம்சிபியை இறக்க வேண்டும், தகட்டைக் கழற்ற வேண்டும், ஒயர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும் சிறு பெட்டியின் ரீசெட் பொத்தானைத் தேட வேண்டும், சில வகைகளில் ஸ்விட்சைப் பலமுறை மாற்றி மாற்றிப் போட வேண்டும், பிறகு எல்லாவற்றையும் பழையபடி அடைக்க வேண்டும். இப்படி இருபது இடங்கள் இருந்தால் எத்தனை மாலைகள் போகும் என்று நீங்களே கணக்கிடலாம்.

இந்த உழைப்பு தேவையா இல்லையா என்பது ஜிக்பீ ரேடியோ எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. யுஎஸ்பி ஸ்டிக் என்றால், பழைய கண்ட்ரோலரிலிருந்து பிடுங்கிப் புதியதில் செருகி, பேக்கப்பை மீட்டாலே வலைப்பின்னல் அப்படியே எழுந்துவிடும். ஸ்டிக்கையும் மாற்றினால், வலைப்பின்னலின் அடையாளங்களையும் மறைச்சொல்லையும் புதிய ஸ்டிக்குக்கு நகலெடுக்கும் வசதி மென்பொருளிலேயே உண்டு. ஒரே சிப் குடும்பத்துக்குள் மாறும்போது அது எளிது, வேறு குடும்பத்துக்கு மாறும்போது சில சாதனங்களையாவது மீண்டும் இணைக்க நேரலாம். ரேடியோ ஹப்புக்குள்ளேயே பொதிந்திருந்தால், வேறு நிறுவனத்தின் ஹப்புக்குப் போகும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து இணைக்கத் தயாராக இருங்கள்.

ஜிக்பீ போன்ற மற்றொரு கம்பியில்லா முறையான இசட்-வேவ் சாதனங்கள் வைத்திருப்பவர்கள் அலைவரிசையையும் பார்க்க வேண்டும். இந்தியாவுக்கு 865.2, ஐரோப்பாவுக்கு 868.42, அமெரிக்காவுக்கு 908.42 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் அன்போடு வாங்கிவரும் ஹப், சென்னையில் வாங்கிய ஸ்விட்சுகளோடு பேசாது. ஜிக்பீக்கு இந்தச் சிக்கல் இல்லை.

மாற்றுவதென்று முடிவானால்

விளக்கு, மோட்டார், சென்சார் என்ற அளவில் இயங்கும் வீட்டுக்கு 2 ஜிபி பை 4 தாராளம். ஹோம் அசிஸ்டென்ட் கிரீன் பெட்டியில் 4 ஜிபி நினைவகமும் 32 ஜிபி உள்சேமிப்பும் இருப்பதால் மெமரி கார்டுத் தொல்லையே இல்லை. கேமராப் படங்களில் ஆளை அடையாளம் காண்பது போன்ற வேலைகள் வேண்டுமென்றால் மட்டும் மினி பிசி பக்கம் போங்கள். பரணில் கிடக்கும் பழைய டெஸ்க்டாப்பைப் பயன்படுத்த நினைப்பவர்கள் மின் கட்டணத்தை எண்ணிப் பாருங்கள்: 10 வாட் கருவி இரு மாத ரசீதில் 14.4 யூனிட், 50 வாட் கருவி 72 யூனிட். படி முறையில் கட்டணம் வாங்கும் தமிழ்நாட்டில், அந்த 72 யூனிட் உங்களை மேற்படிக்குத் தள்ளக்கூடும்.

முழு பேக்கப்பை எடுத்து, கண்ட்ரோலருக்கு வெளியே ஒரு கணினியில் சேமியுங்கள். 2025.1 பதிப்பு முதல் தானியங்கி பேக்கப்கள் இயல்பான அமைப்பில் பூட்டப்பட்டு வருகின்றன. அவற்றைத் திறக்கும் சாவிக் கோப்பைத் தனியே இறக்கி வைக்காவிட்டால், கண்ட்ரோலர் போனபின் அந்த பேக்கப் பயன்படாது. புதிய கருவிக்கு ரூட்டரில் பழைய ஐபி முகவரியையே ஒதுக்கினால், வைஃபை சாதனங்கள் பலவற்றைத் தொடவே வேண்டியிருக்காது. ரேடியோவை நகலெடுத்து மாற்றிய பிறகு பழைய ஸ்டிக்குக்கு மின்சாரம் கொடுக்காதீர்கள். ஒரே அடையாளத்துடன் இரண்டு தலைகள் பேசினால் வலைப்பின்னல் குழம்பிவிடும். பழைய மெமரி கார்டை மட்டும் ஒரு உறையில் போட்டு, மீட்ட தேதியை எழுதி, இரண்டு மின்வெட்டுகளையும் ஒரு மென்பொருள் அப்டேட்டையும் புதிய கருவி தாண்டும்வரை அழிக்காமல் வைத்திருங்கள். அதன்பின் அதிலுள்ள வைஃபை கடவுச்சொல்லும் கணக்கு விவரங்களும் யார் கைக்கும் போகாதபடி முழுமையாக அழித்துவிட்டு, பலகையை வேறு வேலைக்கோ வேறொருவருக்கோ கொடுக்கலாம்.