ஐ7 இருந்தால் கேம் ஓடிவிடுமா?

சித்தி மகன் எல்டன் ரிங் என்ற கம்ப்யூட்டர் கேமை வாங்கக் கிளம்பிவிட்டான். "அண்ணா, அவங்க ஐ5தான் கேக்குறாங்க, என் லேப்டாப்ல ஐ7 இருக்கு. தாராளமா ஓடும்ல?"

ஐ5, ஐ7 என்பவை இன்டெல் கம்பெனியின் பிராசஸர் வகைகள்; பிராசஸர் என்றால் கம்ப்யூட்டரின் மூளையான சிப். அவன் ஐ7இல் கேம் ஓடினாலும் திணறும். ஏன் என்று காசு கட்டுவதற்கு முன்னாலேயே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

1. கேம் என்ன கேட்கிறது?

கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் கேமின் பக்கத்தைத் திறந்து கீழே இறங்குங்கள். சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ் என்ற பகுதியில் மினிமம், ரெக்கமெண்டட் என்று இரண்டு பட்டியல் இருக்கும். எல்டன் ரிங்குக்கு மினிமம் பிராசஸர் இன்டெல் கோர் ஐ5-8400 அல்லது ஏஎம்டி என்ற இன்னொரு கம்பெனியின் ரைசன் 3 3300எக்ஸ். இரண்டில் ஒன்றுக்கு ஈடாக உங்களுடையது இருந்தால் போதும்.

2. உங்களிடம் என்ன இருக்கிறது?

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ், பிறகு சிபியு. வலது மேல் மூலையில் பிராசஸரின் முழுப்பெயரும், கீழே கோர்ஸ் (சிப்புக்குள் வேலை செய்யும் தனித்தனி அலகுகள்) எத்தனை என்பதும் இருக்கும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். வெறும் "ஐ7" என்று எழுதினால் அது கணக்கில் சேராது.

தம்பியுடையது ஐ7-7500யு. கோர் இரண்டே இரண்டு.

3. பெயரைப் படியுங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். ஐ5, ஐ7 என்பதெல்லாம் அந்தந்தத் தலைமுறைக்குள் உள்ள தரவரிசை மட்டுமே. தலைமுறையைச் சொல்வது கோட்டுக்குப் பின்னால் வரும் எண். அது 1இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கம் (12400 என்றால் 12), இல்லையென்றால் முதல் இலக்கம் மட்டும் (8400 என்றால் 8). கடைசி எழுத்தையும் விடாதீர்கள். யு என்றால் பேட்டரியை மிச்சம் பிடிக்கும் லேப்டாப் சிப். ஹெச் என்றால் லேப்டாப்பிலேயே கொஞ்சம் முரட்டு ரகம்.

சிப்பின் வேகத்தைச் சொல்லும் கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்தாலும் ஏமாந்துதான் போவோம். 7500யு-வின் அடிப்படை வேகம் 2.7, 8400-இன் வேகம் 2.8. கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் 8400இல் ஆறு கோர், அதுவும் டெஸ்க்டாப் சிப். இரண்டு மாடு இழுக்கும் வண்டியும் ஆறு மாடு இழுக்கும் வண்டியும் ஒரே பாரத்தை ஏற்றுமா?

4. மதிப்பெண்ணை ஒப்பிடுங்கள்

ஏஎம்டியில் பெயர் இன்னும் குழப்பும். ரைசன் 5 5500யு-வும் 5600யு-வும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும்; உள்ளே 5500யு ஒரு தலைமுறை பழசு. அதனால் சிப்புகளுக்கு மதிப்பெண் போடும் பாஸ்மார்க் தளத்தில் உங்கள் சிப்பையும் கேம் கேட்கும் சிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொத்த மதிப்பெண், சிங்கிள் த்ரெட் (ஒரு கோர் மட்டும் வேலை செய்யும்போது) மதிப்பெண் இரண்டுமே மினிமத்தைத் தொட வேண்டும். மொத்தம் அதிகமாக இருந்து சிங்கிள் த்ரெட் குறைவாக இருந்தால், என் கணக்கில் அது சந்தேக கேஸ்தான்.

பிராசஸர் தேறிவிட்டதா? சரி, 12 ஜிபி ரேமும் ஜிடிஎக்ஸ் 1060 அளவுக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டும் இருக்கிறதா என்று அப்படியே பார்த்துவிடுங்கள்.

அப்புறமும் சந்தேகமா? ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். எல்டன் ரிங்கில் கதாபாத்திரத்துக்கு மூக்கும் தாடையும் செதுக்குவதிலேயே அந்த நேரம் கரைந்துவிடும். கிடைத்த முகத்தோடு நேராக வெட்டவெளிக்குப் போய் நாலு பக்கமும் ஓடிப் பாருங்கள்.